கொக்கி விழுங்கிய வேப்பமரம்

வேலூர் பேருந்து நிலையத்தில் நான் செய்த முதல் தவறு, "ஆரணி போகுமா?" என்று கேட்டது. போகும் என்றார்கள். ஏறி உட்கார்ந்து, ஆற்காடு வந்த பிறகுதான், கண்ணமங்கலம் வழியாகப் போகும் வண்டியைப் பிடித்திருந்தால் இந்நேரம் ஊரை நெருங்கியிருப்பேன் என்று தெரிந்தது. கண்டக்டரிடம் கோபித்துக்கொண்டேன். "ஆரணி போவுமான்னுதானம்மா கேட்டீங்க? ஜல்தியா போவுமான்னு கேக்கலியே" என்று சொல்லிவிட்டு அவர் முன்பக்கம் போய்விட்டார்.

பக்கத்து சீட்டில் பட்டு நூல் வியாபாரி ஒருவர். போனில் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார். நான் பெங்களூர்க்காரி என்பது அவருக்குத் தெரியாது. "கத்திரிக்காய் நிறம் கேட்கவில்லையாம், கத்திரிப்பூ நிறம் கேட்டார்களாம். பெண்ணின் அத்தை மூன்று நாளாக அழுகிறாளாம்" என்று யாரிடமோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கருவியைப் பார்த்துவிட்டு, புதையல் எடுக்கப் போகிறீர்களா என்று தமிழில் கேட்டார். இரும்பு இருக்கிற இடத்தைக் காட்டும் கருவி, மரத்துக்குள் ஆணி தேட என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

என் தொழில் அதுதான். பெங்களூரில் மெட்ரோவுக்கும் மேம்பாலத்துக்கும் வெட்டிச் சாய்க்கிற சாலையோர மரங்களை, அவை அடுப்புக்குப் போவதற்கு முன் வாங்கி, அறுத்து, காயவைத்து, பெஞ்சும் மேஜையுமாக ஆக்குகிறேன். ஊர் மரம் என்றால் அறுவை மில்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். டியூஷன் போர்டு, பி.ஜி. போர்டு, கேபிள் வயர் என்று நாற்பது வருஷத்து ஆணியும் அதற்குள் இருக்கும், ஒரு ஆணி பட்டால் ரம்பப் பட்டை போச்சு. அதனால்தான் இந்தக் கருவி. ஒருமுறை ஒரு தூங்குமூஞ்சி மரத்துக்குள் சாவி ஒன்று கிடைத்தது. யார் வீட்டுக் கதவோ என்று ஒரு வாரம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆரணியில் சேவூர்ப் பக்கம் திருச்சபை நடத்துகிற சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று. அதன் தலைமையாசிரியை, யாரோ அனுப்பிய வீடியோவில் என் கொட்டகையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார். சாலையோரம் வெட்டிய வேம்பு ஒன்று கிடக்கிறது, பள்ளிக்கு எடுத்துக்கொள்ள நெடுஞ்சாலைக்காரர்களிடம் எழுதி வாங்கியாகிவிட்டது, மூன்று வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள், வந்து பாருங்கள் மேடம் என்றார். ஒன்றை மட்டும் அவர் போனில் சொல்லவில்லை. (இந்தக் கட்டுரையில் வருகிற பேர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.)

மரத்தைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். பத்தடி நீளம், கோணல் இல்லாத அடிமரம். இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத சுற்று. வெட்டி நாலு மாதம் ஆகியும் வெடிப்பில்லை. வேம்பில் பூச்சி வராது, பிள்ளைகள் புத்தகம் வைக்க அதைவிட நல்ல பலகை வேண்டுமா என்ன? இருபது டெஸ்க் தேறும் என்று கணக்குப் போட்டேன். தலைமையாசிரியை மட்டும் சந்தோஷப்படாமல் நின்றுகொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம செங்கல் சூளைக்காரரு டிராக்டர் அனுப்புறாரு மேடம். எஸ்தர் டீச்சர் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா குடுத்துடறதா வாக்கு குடுத்துட்டேன்."

எஸ்தர் டீச்சர் யார் என்று கேட்டேன். நாலாம் வகுப்பு ஆசிரியை. மரம் நின்ற இடத்துக்கு எதிர்வீடு. ஒரே மகன் ஜான்சன், வேலூரில் லேப் ஒன்றில் வேலை பார்த்தவன். போன ஆடி மாதம் ஒரு விடியற்காலை, நைட் டியூட்டி முடிந்து பைக்கில் வரும்போது, வீட்டுக்கு முப்பது அடி தூரத்தில் இந்த மரத்தில் மோதி இறந்துபோனான். மரம் சாலைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, ஆபத்து, அகற்ற வேண்டும் என்று டீச்சரே கலெக்டர் ஆபீஸ் வரை ஏறி மனு கொடுத்தார். மூன்று மனு. அகற்றிவிட்டார்கள்.

"அவங்க சரின்னாதான் ஸ்கூலுக்குள்ள கொண்டாருவேன். நான் கேட்டுப் பாத்துட்டேன். பாஸ்டர் கேட்டுப் பாத்துட்டாரு. நீங்க வெளியூரு, நாலு எடம் பாத்தவங்க, நீங்க கேட்டுப் பாருங்க. அவங்க வூட்லயே தங்கறதுக்குச் சொல்லிட்டேன்."

மரம் பார்க்க வந்தவளைத் தூது அனுப்புகிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

எஸ்தர் டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நிதானமான பேச்சு. என்னை எதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தும், "வாங்கக்கா, கை கால் கழுவுங்க" என்று சொந்தக்காரியைப் போலக் கூப்பிட்டார். களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். எங்கள் ஊரில் கேழ்வரகு மாவை மட்டும் கிண்டி உருட்டி முத்தெ என்போம், மெல்லாமல் விழுங்க வேண்டும். இங்கே நொய்யைக் குழைய வேகவைத்து அதில் மாவைப் போட்டுக் கிளறுகிறார்கள். நாக்கில் அங்கங்கே அரிசி தட்டுப்படுகிறது. இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். டீச்சர் தன் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

சாப்பிட்ட தெம்பில் பேச்சை எடுத்தேன். வேம்பு நல்ல மரம், எரித்தால் ஒரு நாள் சாம்பல், அறுத்தால் ஐம்பது வருஷம் பிள்ளைகள் உட்காருவார்கள் என்றேன். பல பேரிடம் சொல்லிப் பழகிய பேச்சு.

"அது சூளைக்கே போவட்டும்க்கா" என்றார். "என் கண்ணு முன்னாடி வேணாம்."

பெற்ற வயிறு, புரியாமல் இல்லை. ஆனாலும் படுத்த பிறகு மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தேன். நின்ற இடத்தில் நின்ற மரத்தைப் பழிவாங்கி, வெட்டிய பிறகும் ஆத்திரம் அடங்காமல் எரிக்கவும் வேண்டுமா? படித்த பெண், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், இப்படியா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கு வடகறி கொடுத்தார்கள். எங்கள் ஊர் சாம்பாரில் வெல்லம் போடுவார்கள், அதை முப்பது வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிற நாக்குக்கு வடகறி ஒரு விருந்து. திரும்பும்போது ஷேர் ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, "ஒரே பேஜாராக்கீதும்மா இந்த வண்டியோட" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குள் போனார். மீதி தூரம் நடந்தேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். நடுவில் நெல் வயல் வந்து சத்தம் நின்று, மறுபடி தறிச் சத்தம்.

எரியப்போகிற மரம்தானே என்று விட மனசு வரவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு மரத்தண்டை போனேன். அடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சாணாகத் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. இத்தனை பெரிய சாலையோர மரத்தில் ஒரு ஆணிகூட இல்லையா என்று ஆச்சரியப்பட்டபோது, இடுப்பு உயரம் இருந்திருக்கக்கூடிய இடத்தில் கருவி கத்தியது. மரப்பட்டை மூடிக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியவில்லை. சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

"அங்க இல்லம்மா. நாலு வெரல்கட மேல, உள்ளாற இருக்கும்."

திரும்பிப் பார்த்தேன். லுங்கியும் பனியனுமாக ஒருவர். எஸ்தர் டீச்சருக்குப் பக்கத்து வீட்டு ஏழுமலை, பட்டு நெசவாளி. முந்தைய நாளும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்தான். அவர் சொன்ன இடத்தில் வைத்தேன். கருவி இன்னும் பலமாகக் கத்தியது.

உளியும் சுத்தியலும் அவரே கொண்டுவந்தார். அரை மணி நேரம் தோண்டினோம். வேம்பின் சிவப்புக்குள் ஒரு கருநீலக் கறை, மையைக் கொட்டியதுபோல. இரும்பு இருந்த இடத்தில் மரம் அப்படித்தான் கறுத்துப்போகும். கறை நடுவிலிருந்து விரல் தடிமனில் ஒரு கம்பி வந்தது. நுனி உடைந்த கொக்கி.

"எங்கப்பா அடிச்சது" என்றார் ஏழுமலை. "முக்காவாசி மரமே முழுங்கிடுச்சி. நுனி மட்டும் நீட்டிகினு இருக்கும், வெட்டிச் சாச்சப்ப ஒடஞ்சிருக்கும். அதுலதான் கயித்த மாட்டி பாவு நீட்டுவோம்."

பாவு என்பது புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டிழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன் அத்தனை இழையையும் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, சிக்கெடுத்துப் பதமாக்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு முனை நட்ட கம்பத்தில், மறுமுனை இந்த மரத்துக் கொக்கியில். இதை விளக்கிச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நின்றுபோனார். கையிலிருந்த கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கி எங்க பாவுதாம்மா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஜான்சன் தம்பி வந்தப்ப ரோட்டோரமா எங்க பாவு நீட்டிகினு இருந்துச்சி. மூணு பொடவ. எதிர்ல பால் வண்டி ஏறிகினு வந்துட்டான். தம்பி எடப்பக்கம் ஒதுங்கணும். ஒதுங்கனா பாவு. பாவுல பூந்திருந்தா நூலு அறுந்திருக்கும், அவ்ளோதாம்மா. ஒரு சிராய்ப்போட எழுந்திருப்பான். பாவப் பாத்துட்டு ஹேண்டில ஒடிச்சான். நேரா மரத்துல..."

நான் அவர் தோளைத் தொட்டேன்.

"இந்தத் தெருவுல பொறந்த எந்தக் கொழந்தையும் பாவ மிதிக்காதும்மா. நடக்கக் கத்துக்குடுக்கறப்பவே அதையும் சேத்துக் கத்துக்குடுத்துடுவோம். அது ஒடம்புலயே கீது. யோசிக்க அவனுக்கு எங்க நேரம்? கையி தானா ஒடிச்சிடுச்சி."

டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. மரம் மோதிடுச்சின்னுதான் நெனச்சிகினு இருக்காங்க. சொல்லிடலாம்னு எத்தினியோ வாட்டி போவேன். 'வாங்கண்ணா, உக்காருங்க'ம்பாங்க. உக்காந்துட்டு எழுந்து வந்துடுவேன். எம் பொண்ணு அவங்க கிளாஸ்லதான் படிக்கிது. நாலாவது. அவங்க அதுக்கு ஜட பின்னி வுடறாங்கம்மா."

கொக்கியை அவர் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். துண்டில் சுற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். இதை நான் சொல்வதா, சொல்லாமல் போவதா? சொன்னால் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிற இரண்டு குடும்பம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் தப்பே செய்யாத மரம் நாளைக்குச் சூளையில் எரியும். மரத்துக்காக இந்த யோசனையா என்று நீங்கள் கேட்கலாம். என் பிழைப்பு அது, எனக்கு அப்படித்தான் ஓடும்.

நாலரை மணிக்கு டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். உளிச் சத்தம் வகுப்பு வரைக்கும் கேட்டதாம்.

"கொக்கிய எடுத்துட்டீங்களாக்கா?"

டம்ளரைக் கீழே வைத்தேன். பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்து வைத்தேன். அவர் தொடவில்லை. பார்த்தார்.

"நான் வாசல் தெளிச்சிகினு இருந்தேன்க்கா அன்னைக்கி. எல்லாத்தையும் பாத்தேன்."

சுவரில் ஜான்சன் படம் இருந்தது. அதைப் பார்க்காமல், வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு வயசுல ஒருவாட்டி பாவுக்கு அடியில பூந்து ஓடிட்டான். கையப் புடிச்சி நாலு அடி வெச்சேன். 'இனிமே பூருவியா, பூருவியா'ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். அதுக்கப்புறம் அவன் பாவு பக்கமே போவல. நான்தான்க்கா கத்துக்குடுத்தேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அழவில்லை. அழுது முடித்த முகம்.

"அவன் மோதன ஒடனே ஏழுமல அண்ணன்தான் மொதல்ல ஓடியாந்தாரு. எப்டி ஓடியாந்தாரு தெரியுமா? நீட்டி வெச்சிருந்த அவரு பாவ மிதிச்சி, அறுத்துகினு, அது மேலயே ஓடியாந்தாரு. காலெல்லாம் பட்டு நூலு சுத்திகினு இருந்துச்சி. அதோடயே என் புள்ளயத் தூக்கினாரு. எதக் காப்பாத்த இவன் திரும்பனானோ, அது அஞ்சு நிமிஷம்கூட இல்லக்கா."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவரே தொடர்ந்தார். சொந்தக்காரர்கள் வந்து, ரோட்டில் பாவு போட்டவன் மேல் கேஸ் போடு என்றார்களாம். ஸ்டேஷனிலும் கேட்டார்களாம், பாவு இருந்ததா என்று. தெரியாது, மரம்தான் ரோட்டை மறைத்துக்கொண்டு நின்றது என்று இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதியதை எல்லோரும் நம்ப வேண்டும் என்பதற்காக மனுவும் கொடுத்திருக்கிறார். ஒன்றுக்கு மூன்றாக.

"மரம் வாய் பேசாது பாருங்க. அது மேல போட்டுட்டேன். வெட்டறப்ப கதவச் சாத்திகினு உள்ள உக்காந்திருந்தேன். அது ஒண்ணும் பண்லன்னு எனக்குத் தெரியும்க்கா. அதனாலதான் என்னால அதப் பாக்க முடியல."

நேற்று படுக்கையில் அவரோடு நான் போட்ட சண்டையெல்லாம் என் முன்னால் வந்து நின்றது. தலை குனிந்துகொண்டேன். ஏழுமலையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா, அந்த மனிதர் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"தெரியும்னு சொன்னா அவரு மன்னிப்பு கேப்பாரு. கேட்டா நான் குடுக்கணும். சண்டே கிளாஸ்ல புள்ளைங்களுக்கு அதத்தான சொல்லிக்குடுக்கறேன்." நிறுத்தி, தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "இன்னும் எங்கிட்ட இல்லக்கா. இல்லாதத எப்டிக் குடுக்கறது?"

நான் அதற்குப் பிறகு மரத்தைப் பற்றிப் பேசவில்லை. காய் நறுக்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே சூளை டிராக்டர் வந்துவிட்டது, கூடவே மரத்தைத் தூக்க ஒரு பொக்லைன். என் பையை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். தலைமையாசிரியை நின்றிருந்தார். ஏழுமலை வடக்கயிற்றை மரத்தின் கீழே விட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

பள்ளிக்குக் கிளம்பி வந்த எஸ்தர் டீச்சர், எப்போதும் போகிற எதிர்ப்பக்கத்தை விட்டு, சாலையைக் கடந்து நேராக மரத்தண்டை வந்தார். வெட்டி நாலு மாதத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் முறை என்று தலைமையாசிரியை பிறகு சொன்னார். குனிந்து பட்டையின் மேல் கை வைத்தார். நாங்கள் தோண்டிய குழி அங்கே கறுப்பாகத் தெரிந்தது. அதையும் தடவினார்.

"மில்லுக்குப் போவட்டும் மேடம். டெஸ்க்கு செய்யட்டும்" என்றார்.

தலைமையாசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டிராக்டர்காரரிடம் ஓடி, சூளை வேண்டாம், மில்லுக்கு விடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றார். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான்தான் சாதித்தேன் என்று நினைத்துக்கொண்டார் பாவம். பிறகு குரலைத் தாழ்த்தி டீச்சரிடம் கேட்டார்.

"ஒவ்வொரு டெஸ்க்குலயும் தம்பி பேரு சின்னதா போட்டுடலாமா டீச்சர்? ஞாபகமா இருக்கும்."

"வேணாம் மேடம்."

"ஒரே ஒரு டெஸ்க்குலயாச்சும்..."

"பேரு வேணாம்."

"அப்ப இது இன்னா மரம், எங்கேர்ந்து வந்துச்சின்னு புள்ளைங்க கேட்டா இன்னா சொல்றது?"

டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. மரத்தின் மேல் இருந்த கையை எடுக்காமல், வகுப்பில் பாடம் சொல்கிற குரலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வேப்பமரம்னு சொல்லுங்க. நம்ம தெருவுல நின்னுகினு இருந்துச்சி. யாரையும் ஒண்ணும் பண்லன்னு சொல்லுங்க."

முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்த ஏழுமலையின் கை நின்றுவிட்டது. தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது. அவர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு மணி அடித்த பக்கம் நடந்தார். ஏழுமலை கயிற்றைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, சத்தமாக அழ ஆரம்பித்தார். தலைமையாசிரியை பதறிப்போய் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார். கயிறு கையை அறுத்துவிட்டது போலிருக்கிறது என்றேன்.